கல்லிவர் கொடுத்த கைமாற்று

குள்ளர்கள் தேசத்தில் கரை ஒதுங்கிய கல்லிவரை உங்களுக்குத் தெரியும். சின்ன வயசில் படக்கதையாகவாவது படித்திருப்பீர்கள். 1726-ல் அதை எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட், சிறு தொழில்காரர்களுக்குக் கடன் கொடுத்த மனுஷர் என்பது தெரியுமா? மூன்று வருஷம் பி.காம். படித்தேன். ஒரு வாத்தியாரும் இதைச் சொல்லவில்லை!

அயர்லாந்தின் டப்ளின் நகரில், செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் தலைமைப் பாதிரியார் ஸ்விஃப்ட். அக்கம்பக்கமெல்லாம் நெசவாளர்கள். அயர்லாந்து அப்போது இங்கிலாந்தின் பிடியில் இருந்தது. ஐரிஷ் கம்பளித் துணியை வெளிநாடுகளுக்கு விற்கக் கூடாது என்று 1699-லேயே லண்டன் சட்டம் போட்டுவிட்டது. வியாபாரம் படுத்தது. தறி இருக்கும்; நூல் வாங்கக் காசு இருக்காது. அடமானம் வைக்க ஒன்றுமில்லாதவனுக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்?

ஸ்விஃப்ட் தன் சொந்தப் பணத்தில் 500 பவுண்டைத் தனியே எடுத்து வைத்தார். ஏழைத் தொழிலாளிக்கு 5 பவுண்ட், 10 பவுண்ட் என்று கொடுத்தார். ஐந்து வாங்கியவர் வாரம் 2 ஷில்லிங், பத்து வாங்கியவர் வாரம் 4 ஷில்லிங் கட்ட வேண்டும். 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள், 50 வாரத்தில் கடன் தீர்ந்துவிடும். வட்டி? ஒரு பைசா கிடையாது. அடமானமும் கிடையாது. ‘இவன் யோக்கியன்’ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்விஃப்ட்டின் ஞானமகன் தாமஸ் ஷெரிடன், 1784-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்த ஏற்பாட்டைப் புகழ்கிறார். ஆனால், அவருக்கு முன்பே எழுதிய சாமுவேல் ஜான்சன் சொல்வது வேறு. தவணை தவறினால் ஸ்விஃப்ட் கோர்ட்டுக்கு இழுத்தாராம். கறார் பேர்வழிகள் ஏழைகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள லாயக்கில்லை என்பது ஜான்சன் கட்சி. யார் சொல்வது சரி? கடன் கொடுத்து வாங்கிய அனுபவம் உள்ளவர்கள், இரண்டுமே நடந்திருக்கும் என்பார்கள்!

அடுத்து டப்ளினில் ஒரு சங்கீத சபா, கச்சேரி வசூலில் இதேபோல வட்டியில்லாக் கடன் கொடுத்தது. தர்மப் பணம்தானே, எத்தனை பேருக்கு வரும்? 1823-ல் புதுச் சட்டம் வந்தது. இந்தக் கடன் நிதிகள் ஊர்க்காரர்களிடம் டெபாசிட் வாங்கலாம். கடனுக்கு வட்டியும் போடலாம். 1830-களில் மேற்பார்வைக்கு ஒரு போர்டும், 10 பவுண்டுக்கு மேல் கடன் கூடாது என்ற உச்சவரம்பும் வந்தன.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு பவுண்ட் கேட்டால் 6 பென்ஸ் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். வாரம் ஒரு ஷில்லிங் வீதம் 20 வாரம் கட்ட வேண்டும். நம்மூர் தண்டல்காரர் முன்கூட்டியே வட்டியைப் பிடிப்பாரே, அதே ரகம். ஆனால், வருஷத்துக்குச் சுமார் 13 சதவிகிதம்தான் விழும்.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். 1840-களின் தொடக்கத்தில் அயர்லாந்து முழுக்க ஏறக்குறைய 300 நிதிகள்! ஐந்து குடும்பத்துக்கு ஒன்று இவற்றில் கடன் வாங்கியது என்கிறார்கள் பொருளாதார வரலாற்று ஆய்வாளர்கள். தறி, பன்றிக்குட்டி, கடைச் சரக்கு... எல்லாம் இந்தக் காசில்தான்.

அட, நல்லாத்தானே போகுது என்கிறீர்களா? 1843-ல் ஒரு சட்டம் அந்த 6 பென்ஸை 4 பென்ஸாகக் குறைத்தது. ஏழைக்கு நல்லது போலத் தெரிகிறதல்லவா? ஆனால், இருபது வாரமும் உட்கார்ந்து ஷில்லிங் ஷில்லிங்காக எண்ணி வரவு வைக்கும் குமாஸ்தாவுக்குச் சம்பளம் யார் தருவது? டெபாசிட்காரருக்கு வட்டி எங்கிருந்து வரும்? சமாளிக்க முடியாத நிதிகள் கதவைச் சாத்தின. 1845-ல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. கடன் வாங்கியவனும் இல்லை, ஜாமீன் நின்ற பக்கத்து வீட்டுக்காரனும் இல்லை. மேலும் பல நிதிகள் காணாமல் போயின. எஞ்சியவை இருபதாம் நூற்றாண்டு வரை தள்ளாடின.

வட்டி கொடுமையானது என்பதில் உங்களுக்கும் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால், சின்னக் கடனுக்குச் செலவு பெரிசு. அந்தச் செலவை யாராவது ஏற்க வேண்டும்: தர்மவான், அரசாங்கம், இல்லையென்றால் கடன் வாங்குகிறவர். ஒருத்தரும் ஏற்காவிட்டால் நிதி மூடும். அப்புறம் நெசவாளி எங்கே போவான்? அதைவிட அதிக வட்டிக்காரனிடம்தான்!

ஸ்விஃப்ட்டுக்கு இது புரிந்திருந்தது. வட்டி வேண்டாம் என்ற அந்த மனுஷரும், கடனைத் திருப்பும்போது கணக்குப்பிள்ளைக்கென்று ஒரு சிறு தொகை வாங்கினார். இதை எழுதிவைத்தது யார் தெரியுமா? அவரைக் குறைசொன்ன அதே ஜான்சன்தான்!