முன்னேற்றத்தின் அளவும் இடமும்: நிரல் எடிட்டர்களுக்கு ஒரு முன்மொழிவு

முன்னுரை

ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ்/360 பணியை வழிநடத்திய ஃபிரெடெரிக் புரூக்ஸ், 1986இல் எழுதிய ‘நோ சில்வர் புல்லட்’ கட்டுரையில், மென்பொருளின் உள்ளார்ந்த நான்கு இடர்ப்பாடுகளுள் ஒன்றாக அதன் கட்புலனாகாமையைக் குறிப்பிட்டார். நிலத்துக்கு வரைபடம் உண்டு; மென்பொருளுக்கோ இயல்பாய் அமைந்த இடப்பரப்பு இல்லை என்பது அவர் வாதம். ஆகவே, திட்டப்பணி எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்ற கேள்விக்கு எழுதிய வரிகள், முடித்த பணிகள், எஞ்சிய மணிகள் என எண்களே விடையாகிவந்தன. முன்னேற்றத்தை இடமாகக் காட்ட முடியும், அதற்கு உரிய களம் நிரல் எடிட்டரே என இக்கட்டுரை வாதிடுகிறது.

எண்ணின் போதாமை

1982இல் ஆப்பிளின் லிசா கணினிக் குழுவினர் தாம் எழுதிய வரிகளின் எண்ணிக்கையை வாரந்தோறும் படிவத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. லிசாவின் வரைகலை நிரலான குவிக்டிராவைச் சுருக்கி, அதன் வேகத்தையும் பன்மடங்கு கூட்டிய அக்குழுவின் பில் அட்கின்சன், அப்படிவத்தில் ‘-2000’ என எழுதியதை ஆப்பிள் நிரலர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பதிவுசெய்துள்ளார். சிறந்த வேலை நடந்த வாரம் கணக்கில் பின்னடைவாகப் பதிவாயிற்று. பின்னாளில் பரவிய பர்ன்டவுன் வரைபடம் வரிகளை விடுத்து மீதிப் பணியை எண்ணுகிறது. அந்த மீதியும் மதிப்பீடுதான். இன்னும் கண்டறியப்படாத சிக்கலுக்கு அதில் இடமில்லை.

மாற்றம் நிகழும் இடம்

புரூக்ஸின் கூற்று மென்பொருளின் கட்டமைப்புக்குப் பொருந்தும், மாற்றத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு மாற்றமும் குறிப்பிட்ட கோப்பில், குறிப்பிட்ட வரியில் நிகழ்கிறது. பெல் ஆய்வகத்தின் ஐக், ஸ்டெஃபன், சம்னர் ஆகியோர் 1992இல் வெளியிட்ட சீசாஃப்ட் கருவி பற்றிய ஆய்வு, மாற்றத்தை இடமாகக் காட்டுவதன் பயனை உணர்த்தியது. அக்கருவியில் ஒவ்வொரு கோப்பும் ஒரு நெடுவரிசை. ஒவ்வொரு வரியும் மெல்லிய கோடு. அண்மையில் மாறியவை சிவப்பிலும், நெடுநாள் தீண்டப்படாதவை நீலத்திலும் தெரிந்தன. 50,000 வரிகள் வரை ஒரே திரையில் அடங்கின.

இன்றைய எடிட்டர்களின் ஓரத்தில் தெரியும் குறுங்காட்சியான மினிமேப், கோப்பின் உருவத்தைக் காட்டுகிறது. அதன் வரலாற்றைக் காட்டுவதில்லை. வரியொன்றைக் கடைசியாக மாற்றிய கமிட் (மாற்றப் பதிவு) எது என்பதைப் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட் அறியும். சில எடிட்டர் நீட்சிகள் திறந்திருக்கும் கோப்பின் ஓரத்தில் மாற்றத்தின் வயதை நிறமாகத் தீட்டுகின்றன. இவ்வசதி திட்டப்பணி முழுவதற்கும் விரிந்து, எடிட்டரின் அடிப்படை அங்கமாக வேண்டும் என்பது முதல் கோரிக்கை.

பணியின் பரப்பு

மாறிய இடங்கள் மட்டும் தெரிந்தால் போதாது. அவை எந்தப் பணிக்காக மாறின என்பதும் தெரிய வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மிக் கெர்ஸ்டனும் கெயில் மர்ஃபியும் மேற்கொண்ட ஆய்விலிருந்து வளர்ந்த மைலின் என்னும் கருவி, எக்லிப்ஸ் எடிட்டரில் நிரலர் திறப்பதையும் திருத்துவதையும் கவனித்து, நடப்புப் பணிக்குரிய பகுதிகளை முன்னிறுத்தியது. பணி தொடும் பரப்பை எடிட்டரால் அறிய முடியும் என்பதற்கு அது சான்று. அப்பரப்பை நாள்வாரியாக வரைந்தால், விரிந்துகொண்டே போகும் பணியில் சிக்கல் இன்னும் பிடிபடவில்லை என்றும், ஓரிரு கோப்புகளில் ஒடுங்கும் பணி முடிவை நெருங்குகிறது என்றும் ஊகிக்கலாம். இது இரண்டாம் கோரிக்கை.

ஊகத்தை உறுதிசெய்ய நிரலரின் சொல் தேவை. திட்டப்பணி மேலாண்மைச் செயலியான பேஸ்கேம்ப்பின் ஹில் சார்ட் வரைபடம், வழி தேடும் கட்டத்தை மலையேற்றமாகவும் செய்துமுடிக்கும் கட்டத்தை இறக்கமாகவும் காட்டுகிறது. மலையில் பணி நிற்கும் புள்ளியை வேலை செய்பவரே குறிக்கிறார். நிரல் எழுதும் இடத்திலேயே அதே குறிப்பை இட வழி வேண்டும் என்பது மூன்றாம் கோரிக்கை.

கண்காணிப்பு என்னும் ஆட்சேபம்

இத்தகைய காட்சி கண்காணிப்புக் கருவியாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. நிரல் பகிர்வுத் தளமான கிட்ஹப் தன் பங்களிப்பு வரைபடத்தில் இடையறாத நாள்களை எண்ணிக் காட்டிவந்த பகுதியை 2016இல் நீக்கியது. பிறர் காண எண்ணைக் காட்டினால் எண்ணுக்காகவே உழைக்கத் தூண்டப்படுகிறோம். ஆகவே காட்சி முதலில் நிரலரின் கணினியில் மட்டும் இருக்க வேண்டும். குழுவோடு பகிரும்போது பணியின் பெயரே போதும், ஆளின் பெயர் வேண்டாம். வரியின் வயதை அறிய எழுதியவரின் பெயர் தேவையில்லை.

முடிவுரை

இக்கோரிக்கைகளுக்கான தரவு கிட் வரலாற்றிலும் எடிட்டரின் அன்றாடப் பயன்பாட்டிலும் ஏற்கெனவே உள்ளது. அதை மேலாளரின் அறிக்கைக்கு முன்னதாக நிரலரின் கண்ணுக்குக் கொண்டுவருவதே எடிட்டர் வடிவமைப்பின் அடுத்த கடமை. தன் வேலை எங்கே நிற்கிறது என்பதை முதலில் அறியும் உரிமை அதைச் செய்பவருக்கே உரியது.