தாலந்தும் திறமையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையின் பயிற்சி வகுப்பு. 'டேலண்ட்' நம் 'தால்' என்ற சொல்லிலிருந்தே போனது என்று பேச வந்தவர் அடித்துச் சொன்னார். தால் என்றால் நாக்கு. தாலாட்டு அதில் பிறந்தது. நாவன்மைதானே முதல் திறமை என்றார். அரங்கு கைதட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒலி ஒத்தால் உறவு என்பது சொல்லாராய்ச்சி ஆகாது.

'டேலண்ட்' வந்தது கிரேக்கத் 'தாலந்தோன்' என்ற சொல்லிலிருந்து. தாலந்தோன் என்றால் தராசு. பிறகு தராசில் நிற்கும் எடை, பிறகு அந்த எடைக்கான வெள்ளி. ஏதென்சில் ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோ. திறமை என்ற பொருளே அன்று அதற்கு இல்லை. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்து உவமைதான் அதை ஏற்றியது. எஜமான் ஊழியக்காரரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைத்துப் போகிறான். அந்தப் பணத்துக்கு ஆண்டவன் தந்த ஆற்றல் என்று உரை கண்டார்கள். 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் உரையே பொருளாகிவிட்டது. நம் சபைகளிலும் 'தாலந்து' அப்படித்தான் வழங்குகிறது. ஆனால் தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள்: அவரவர் 'திறமை'க்குத் தக்கபடிதான் தாலந்து தரப்படுகிறது. ஒரே வசனத்தில் இரண்டும் வேறு வேறு!

உறவு தேடுவோர் துலாவைத் தேடட்டும். வடமொழித் துலாவும் தாலந்தோனும், தூக்குதல் என்ற பொருளுள்ள ஒரே வேரின் கிளைகள். கிணற்று ஏற்றத்தின் துலாவும் அதுவே. தமிழ் தன் வழியிலும் அங்கேயே போய்ச் சேர்ந்திருக்கிறது: எடுப்பதால் எடை, நிறுப்பதால் நிறை, தூக்கிப் பார்ப்பதால் சீர்தூக்கல்.

பிறவியறிவைச் சுட்ட நமக்குச் சொல் இல்லையா? 'அமைச்சு' அதிகாரத்தில் வள்ளுவர் மதிநுட்பத்தையும் நூலையும் தனித்தனியே வைத்தார்; உரையாசிரியர் பரிமேலழகர் முன்னதை இயற்கை என்றும் பின்னதைச் செயற்கை என்றும் பிரித்தார். இதைவிடத் தெளிவு வேண்டுமா?

ஆனால் 'டேலண்ட்'டுக்கு நான் தேடிய சொல் வேறிடத்தில் கிடைத்தது. அதே சிப்காட்டில் ஓர் உருட்டாலை. உலையிலிருந்து வரும் பில்லட் என்ற எஃகுக் கட்டையின் நிறத்தைப் பார்த்தே, "இன்னும் சூடேறணும்" என்கிறார் ஒரு மூத்த தொழிலாளி. "அண்ணனுக்கு இது கைவந்தது" என்கிறான் பக்கத்தில் நிற்கும் பையன். கைக்கு வந்து, உழைப்பில் பெருகியது. உவமையில் ஒப்படைக்கப்பட்டு, ஊழியரின் உழைப்பில் பெருகிய தாலந்தும் அதுவே. 'டேலண்ட்' என்பதற்குத் திறமை என்று எழுதுவோர் எழுதட்டும். கைவந்தது என்பதே அதன் நேர்ச்சொல் என்பது என் துணிபு.