பெடல் இருந்தால் சைக்கிளா?

புனேக்கு மாற்றலாகி வரும் நம்மவர்களிடம் இங்குள்ள பெரியவர்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு: "இது ஒரு காலத்தில் சைக்கிள் ஊர்." இன்றைய டிராஃபிக்கைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். நம்பாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, 2017-ல் திறந்த விக்ரம் பெண்ட்ஸே சைக்கிள் மியூசியத்துக்குப் போய் வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்கள் மடித்து எடுத்துப்போன பி.எஸ்.ஏ. சைக்கிள்கூட இருக்கிறது.

ஊர் சைக்கிளை விட்டு இறங்கியதில் இந்த ஊருக்கே பங்கு உண்டு. ஆகுர்டியில் பஜாஜ் ஸ்கூட்டர் செய்தது. 1972-ல் கைனடிக் கம்பெனியின் லூனா வந்தது; நம்ம ஓசூரிலிருந்து 1980-ல் வந்த டி.வி.எஸ். 50-க்கு அண்ணன். 50 சி.சி. எஞ்சின், கூடவே பெடல். பெட்ரோல் தீர்ந்தால் மிதித்தே வீடு வந்து சேரலாம் (மேட்டில் அல்ல!). பெடல் இருந்தும் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வண்டிதான். நம்பர் பிளேட், லைசென்ஸ் எல்லாம் வேண்டும்.

இந்தக் குழப்பம் லூனாவுக்கும் முந்தியது. இங்கிலாந்தில் 1835-ல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம் நடைபாதையில் வண்டி ஓட்டக்கூடாது என்றது. பிறகு சைக்கிள் வந்ததும், அது வண்டியா இல்லையா என்று கேள்வி. 1879-ல் ஒரு வழக்கில் கோர்ட் "வண்டிதான்" என்றது. 1888-ல் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். சைக்கிள்காரனுக்கு ரோட்டில் உரிமை உறுதியானது, நடைபாதை கையை விட்டுப் போனது. நம்மூர் நகராட்சிகளும் பின்னாளில் சைக்கிளுக்கு வரி போட்டு வில்லை கொடுத்தன. வில்லை இல்லை, விளக்கு இல்லை, டபுள்ஸ் என்று போலீஸில் மாட்டிய கதைகளை உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், உற்சாகமாகச் சொல்வார்.

இப்போது அதே கேள்வி பேட்டரியோடு வந்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வது இது: மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், இதை அங்கீகாரம் பெற்ற அமைப்பு சோதித்துச் சான்று தரவேண்டும். அப்படியானால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். (ஆர்.சி. இல்லாததால் அதில் வங்கியின் பெயரை ஏற்ற வழியில்லை. லோன் கேட்டு வருகிறவர்களிடம் இதை விளக்குவதற்குள் எனக்கு டீ ஆறிவிடும்.)

சோதிக்கும் அமைப்புகளில் முக்கியமான ஏ.ஆர்.ஏ.ஐ., 1966-ல் தொடங்கியது, நம்ம புனேயில்தான் இருக்கிறது, வேதாள் டேக்டி மேலே. காலையில் நடக்கிறவர்கள் அந்தக் குன்றையே ஏ.ஆர்.ஏ.ஐ. டேக்டி என்பார்கள். எந்தப் பாதையில் பின்னால் சத்தமில்லாமல் பேட்டரி வண்டி வந்துவிடுமோ என்று நடக்கிறவர்கள் பயப்படுகிறார்களோ, அந்தக் குன்றிலேயே அதற்குச் சான்று தருகிற ஆபீஸ்!

அந்தச் சான்று "இது மோட்டார் வண்டி அல்ல" என்று மட்டும்தான் சொல்கிறது. "நடைபாதையில் ஓட்டலாம்" என்று சொல்லவில்லை. நடைபாதை நடக்கிறவர்களுக்கு. 2020 பிப்ரவரியில் இங்கே ஒரு வயதான அம்மா நடைபாதையில் ஏறிய டூவீலர்களை மறித்து நின்ற காணொளி நாடு முழுக்கப் பரவியது. ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கும் அப்பா அம்மாவை நினைத்துக்கொண்டால் அந்த அம்மாவின் கோபம் புரியும். சைக்கிளுக்கென்று தனித் தடம் போட்டால் தகராறு தீரும்தான். 2006-ல் பி.ஆர்.டி. பஸ் தடத்தோடு போட்டார்கள், 2017-ல் மாநகராட்சி பெரிய சைக்கிள் திட்டமே வகுத்தது. போட்ட தடங்களில் பாதி இடத்தில் கார் நிற்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் கவனிக்க: அங்கே மத்திய சட்டத்தின் வரம்பு 750 வாட். கலிபோர்னியா 2015-ல் மூன்று வகுப்பாகப் பிரித்தது. மலைப் பாதைகளில் எந்த வகுப்பு போகலாம் என்பதை உள்ளூர் நிர்வாகமே முடிவு செய்யும். அங்கே சைக்கிளாக ஓடும் 750 வாட் வண்டியைத் தம்பி மகனுக்கு ஆசையாக இங்கே கொண்டுவந்தால், விமான நிலையத்தில் இறங்கியதுமே அது மோட்டார் வண்டி ஆகிவிடும்.

இங்கேயும் 250 வாட் என்று விற்று, வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றித் தரும் கடைகள் உண்டு. 2022-ல் மகாராஷ்டிரா போக்குவரத்துத் துறை இதற்காகவே சோதனை நடத்தியது. கழற்றிய நிமிடமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி. யாரையாவது இடித்தால் நஷ்டஈடு நம் சேமிப்பிலிருந்துதான் போகும். ஓட்டியது பதினைந்து வயதுப் பையன் என்றால் இன்னும் மோசம். 2019 திருத்தத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

வாங்கும்போது சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். அதில் உங்கள் மாடலின் பெயர் இருக்கிறதா, மோட்டாரில் பொறித்த வாட் எண்ணும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கடைக்காரர் லெட்டர்ஹெட்டில் எழுதித் தரும் கடிதம் செல்லாது.