ஐம்பது காப்பி ஜெராக்ஸ்: ரெக்கார்டு பிரியர்களின் சிற்றிதழ்கள்

இந்த எபிசோட் முழுக்க பேப்பரைப் பத்தி. ரெக்கார்டு வாங்கிக் கேக்கிறவங்க, தங்களை மாதிரியே கேக்கிறவங்களுக்காக, கைக்காசு போட்டு அச்சடிச்ச பேப்பர்.

1976 ஜூலை மாசம். லண்டன்ல டெப்ட்ஃபோர்டுன்னு ஒரு ஏரியா. அங்க மார்க் பெர்ரின்னு 19 வயசுப் பையன், பேங்க்ல கிளார்க். ரமோன்ஸ்ங்கிற நியூயார்க் பேண்டைக் கேட்டு ஆடிப்போயிடுறான். இந்த மாதிரி இசையைப் பத்தி எழுதுற பத்திரிகை ஏதாவது இருக்கான்னு ரெக்கார்டு விக்கிறவங்ககிட்ட விசாரிக்கிறான். அப்படி ஒண்ணும் இல்ல, வேணும்னா நீயே ஆரம்பின்னு அவங்க விளையாட்டாச் சொல்றாங்க. பையன் அதை அப்படியே சீரியஸா எடுத்துக்கிட்டான்.

சின்னப் பிள்ளைங்க டைப்ரைட்டர் ஒண்ணு. தலைப்பெல்லாம் ஸ்கெட்ச் பேனாவால கையெழுத்து. காதலி வேலை பார்த்த ஆபீஸ்ல ஜெராக்ஸ். மூலையில ஒரு ஸ்டேப்ளர் பின். மொத்தம் 50 காப்பி. ‘ஸ்னிஃபின் க்ளூ’ன்னு பேரு, ரமோன்ஸோட பாட்டுத் தலைப்பிலேர்ந்து எடுத்தது. 1977ல 12ஆவது இதழோட பெர்ரியே நிறுத்தினப்போ, அது சுமார் 15,000 காப்பி வரைக்கும் போயிருந்தது. ஓடிக்கிட்டிருக்கிற கடையை யாராவது மூடுவாங்களா? அவர் மூடினார். பங்க் பெரிய கம்பெனிங்க கைக்குப் போயிடுச்சுங்கிற சலிப்பு ஒரு பக்கம், சொந்தமா பேண்ட் ஆரம்பிச்சுட்டது இன்னொரு பக்கம். கடைசி இதழோட இலவசமா ஒரு ஃப்ளெக்ஸி டிஸ்க் கொடுத்தாங்க, அதாவது மெல்லிசா வளையுற பிளாஸ்டிக் ரெக்கார்டு. அதுல இருந்தது அவரோட பேண்ட் ஆல்டர்நேட்டிவ் டிவி பாட்டு.

நம்ம ஊர்ல சிற்றிதழ்னா உடனே கவிதை, கதை, விமர்சனம்னு ஞாபகம் வரும். அங்க அதே வேலையை இசைக்கும் பண்ணியிருக்காங்க, அதுவும் பங்க்குக்கு ரொம்ப முன்னாடியே. அந்த முந்தின கதைதான் எனக்கு இன்னும் பிடிச்சது.

1963. இங்கிலாந்தோட தெற்குக் கடற்கரையில பெக்ஸ்ஹில்-ஆன்-சீன்னு ஒரு அமைதியான ஊரு. ரிட்டயர் ஆனவங்க வந்து காத்து வாங்குற இடம்னு பேரு. அங்கிருந்து மைக் லெட்பிட்டர், சைமன் நேப்பியர்னு ரெண்டு இளைஞர்கள் ‘ப்ளூஸ் அன்லிமிடெட்’னு ஒரு பத்திரிகை ஆரம்பிக்கிறாங்க. அமெரிக்காவோட தென்மாநிலங்கள்ல கறுப்பின மக்கள் பாடின ப்ளூஸ் இசைக்குன்னே ஒரு பத்திரிகை, அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு!

அதுல என்ன எழுதினாங்கங்கிறதுதான் விஷயம். இந்த ரெக்கார்டுல ஹார்மோனிகா வாசிச்சது யாரு? எந்த வருஷம், எந்த ஊர்ல பதிவு பண்ணினாங்க? லேபிள்ல இருக்கிற பேரு நிஜப் பேரா, புனைபேரா? பழைய கம்பெனிங்க பலது இதையெல்லாம் ஒழுங்கா எழுதி வைக்கல. அதனால இவங்க ரெக்கார்டையே சாட்சியா எடுத்துக்கிட்டாங்க. ரெக்கார்டு நடுவுல, லேபிளை ஒட்டி, பாட்டு முடியுற இடத்துல ஒரு நம்பர் பொறிச்சிருப்பாங்க, அதுக்கு மேட்ரிக்ஸ் நம்பர்னு பேரு. அடுத்தடுத்த நம்பர் இருந்தா ஒரே நாள்ல பதிவாயிருக்க வாய்ப்பு அதிகம். எங்கெங்கோ இருக்கிற ஆளுங்க அவங்கவங்க வீட்டு ரெக்கார்டைத் திருப்பிப் பார்த்து, நம்பரைக் கடிதத்துல எழுதி அனுப்புவாங்க. ஒருத்தர் சொன்னதை அடுத்த இதழ்ல இன்னொருத்தர் திருத்துவார். இந்த மாதிரி உழைப்பிலேர்ந்துதான் 1968ல லெட்பிட்டரும் நீல் ஸ்லேவனும் சேர்ந்து 1943 முதல் 1966 வரைக்குமான ப்ளூஸ் ரெக்கார்டுகளோட பெரிய பட்டியலைப் புத்தகமாப் போட்டாங்க. லெட்பிட்டர் 1974லயே இறந்துட்டார், முப்பத்திரெண்டு வயசுதான்.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு தோணலாம். பாரமவுன்ட் கதையைக் கேளுங்க. இது சினிமா கம்பெனி இல்ல, விஸ்கான்சின் மாநிலத்துல நாற்காலி செய்யிற கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்ச ரெக்கார்டு லேபிள். கிராமபோனுக்கு மரப்பெட்டி செஞ்சு வித்தாங்க. பெட்டி விக்கணும்னா தட்டும் விக்கணுமே! சார்லி பேட்டன் மாதிரி மேதைங்க 1929ல இவங்களுக்குத்தான் பாடினாங்க. பொருளாதார மந்தம் வந்து லேபிள் மூடிப்போச்சு. தட்டு அழுத்துறதுக்கான உலோக மாஸ்டர்களும் காணாமப்போச்சு. அதனால இன்னைக்கு நாம ஸ்ட்ரீமிங்ல கேக்கிற பேட்டன் பாட்டுல கரகரன்னு எண்ணெய் பொரியுற சத்தம் கேக்குதே, அது யாரோ ஒருத்தர் வீட்டுல தேயத்தேய ஓடின தட்டோட சத்தம். சேகரிப்பாளர்கள் தென்மாநிலங்கள்ல கதவு கதவாத் தட்டி, பழைய தட்டு இருக்கான்னு கேட்டு வாங்கினதுதான் பாதி வரலாறு. வில்லி பிரவுன் பாரமவுன்டுக்குப் பாடின ஒரு ரெக்கார்டு 13099ங்கிற நம்பரோட பட்டியல்ல இருக்கு. தட்டு ஒண்ணுகூட வெளியில வரல.

இந்த வேட்டைக்காரங்களுக்குன்னே பீட் வீலன் நடத்தினது ‘78 குவார்ட்டர்லி’. குவார்ட்டர்லின்னா காலாண்டிதழ், மூணு மாசத்துக்கு ஒண்ணு. முதல் இதழ் 1967ல வந்தது, ரெண்டாவது 1968ல. மூணாவது? 1988. சந்தா கட்டினவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க! திரும்பி வந்த பிறகு அதுல தொடரா வந்த பகுதிதான் மிக அரிதான 78 வேகத் தட்டுகளோட பட்டியல்: உலகத்துல எத்தனை காப்பி தெரிய வந்திருக்கு, யார்கிட்ட இருக்குன்னு. அதைப் படிச்சா கொஞ்சம் புதையல் கதை மாதிரியும் கொஞ்சம் ஜாதகம் மாதிரியும் இருக்கும்.

இதுல எனக்கு ஒரு நெருடல் உண்டு. இந்தப் பத்திரிகைங்களை நடத்தினவங்க அனேகமா எல்லாருமே வெள்ளைக்கார ஆண்கள். அவங்களுக்கு அரிதா இருக்கிறது உசத்தி. ஆனா 1920கள்ல கறுப்பின மக்கள் காசு கொடுத்து அள்ளிக்கிட்டுப் போனது பெஸ்ஸி ஸ்மித் மாதிரி பெண் பாடகிகளோட ரெக்கார்டுகளை. அவை நிறைய வித்ததால நிறைய கிடைச்சது, நிறைய கிடைச்சதால சேகரிப்பாளர்களுக்கு அதுல சுவாரசியம் கம்மி. ரெண்டு காப்பி மட்டுமே மிஞ்சின ஒரு கிட்டார்காரர், அந்தக் காலத்துல யாருமே பெருசாக் கண்டுக்காதவர், ப்ளூஸோட முகமா ஆகிட்டார். எது பழைய வீட்டுப் பரண்ல தப்பிச்சுதுங்கிறது வரலாறாயிடுச்சு. இந்தப் பத்திரிகைங்களை இன்னைக்குப் படிச்சாத்தான் அந்தத் தேர்வு எங்க, எப்படி நடந்ததுன்னு கண்ணுக்குத் தெரியும். சேர்த்து வைக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியல.

சரி, எழுபதுகளுக்குப் பிறகு வருவோம். பத்திரிகையே லேபிளா மாறுற காலம். அமெரிக்காவுல ஒலிம்பியாங்கிற ஊர்ல புரூஸ் பேவிட் 1980ல ‘சப்டெரேனியன் பாப்’னு ஒரு சின்னப் பத்திரிகை ஆரம்பிச்சார். பெருநகரங்களை விட்டுட்டு மத்த ஊர் பேண்டுகளைப் பத்தி எழுதுறது. சில இதழ்கள் கேசட்டாவே வந்தது. பேரு சுருங்கி ‘சப் பாப்’ ஆச்சு, லேபிள் ஆச்சு, 1988 நவம்பர்ல நிர்வானாவோட முதல் சிங்கிளை 1,000 காப்பி நம்பர் போட்டு வெளியிட்டுச்சு. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

எனக்கு இதுல பிடிச்ச கதை பிரிஸ்டல்ல நடந்தது. மேட் ஹேன்ஸ், கிளேர் வாட்னு ரெண்டு பேர், ரெண்டு பேருமே தனித்தனியா ஃபேன்சைன் நடத்தினவங்க. 1987ல சேர்ந்து சாரா ரெக்கார்ட்ஸ் ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு நம்பர்: சாரா 1, சாரா 2. சாரா 4 வாங்கப் போனா அது ரெக்கார்டு இல்ல, ஒரு பத்திரிகை. 14ஆவதும் 32ஆவதும் அப்படியே. 50ஆவது ஒரு போர்டு கேம், நிஜமாவே பகடை உருட்டி ஆடுறது. அவங்க பார்வையில பேப்பரும் பாட்டும் ஒரே சாமான். 1995ல 100ஆவது வெளியீட்டோட லேபிளை மூடிட்டாங்க. சாரா ரெக்கார்ட்ஸ் முழு செட்டையும் சேர்க்கிறேன்னு கிளம்புற ரெக்கார்டு பிரியர்கள், அந்த மூணு பத்திரிகை இல்லாம செட்டை முடிக்கவே முடியாது.

இப்ப, சேகரிக்கிறதுல இருக்கிற சிக்கலுக்கு வருவோம். ரெக்கார்டுன்னா அசல் பிரஸ்ஸிங்கா, மறுபதிப்பான்னு மேட்ரிக்ஸ் நம்பரைப் பார்த்துச் சொல்லிடலாம். ஜெராக்ஸ்ல வந்த பத்திரிகைக்கு என்ன பண்ணுவீங்க? அசலே நகல்தானே! பேப்பரோட அளவு, மையோட தன்மை, பின் துரு ஏறின விதம், மடிப்பு, யார் கையிலேர்ந்து யார் கைக்கு வந்ததுங்கிற கதை, இதெல்லாம் சேர்ந்துதான் சாட்சி. துருப்பிடிச்ச பின்னை மெதுவா எடுத்துடுறது நல்லது, துரு பேப்பரைத் தின்னுடும். நியூஸ்பிரின்ட் பேப்பர்ல வந்ததுன்னா வெளிச்சம் படாம, அமிலம் இல்லாத கவர்ல வைக்கணும். இல்லேன்னா பழுத்து, தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்கும். ஃப்ளெக்ஸி டிஸ்க் உள்ள இருக்கான்னு பாருங்க. முதல்ல காணாமப்போறது அதுதான்.

படிக்க மட்டும் வேணும்னா அசலுக்கு அலையவே வேண்டாம். ஸ்னிஃபின் க்ளூ மொத்தமும் 2000லயே புத்தகமா வந்தாச்சு, நிறைய ஃபேன்சைன்கள் ஸ்கேனா ஆன்லைன்ல கிடைக்குது. மறுபதிப்பு வாங்கினா விளம்பரப் பக்கமும் வாசகர் கடிதமும் அப்படியே இருக்கான்னு மட்டும் பாருங்க. எந்தக் கடை, எந்த கிளப், டிக்கெட் எவ்வளவு, யார் யாரைத் திட்டினாங்க, எல்லாம் அங்கதான் இருக்கும். கட்டுரையை மட்டும் பொறுக்கித் தொகுக்கிறவங்க முதல்ல வெட்டி எறியிறதும் அதைத்தான்.

பங்க் டி-ஷர்ட்டுல ஒரு படம் பார்த்திருப்பீங்க. கிட்டார் கார்டு மூணு, கையால கிறுக்கினது, இந்த மூணும் போதும், போய் பேண்ட் ஆரம்பின்னு பக்கத்துல எழுதியிருக்கும். ஸ்னிஃபின் க்ளூல வந்ததுன்னு எத்தனையோ இடத்துல போட்டிருக்காங்க. அது வந்தது ‘சைட்பர்ன்ஸ்’ங்கிற இன்னொரு ஃபேன்சைன்ல, 1977 ஜனவரி, முதல் இதழ். வரைஞ்சவர் டோனி மூன். அந்த இதழைக் கையில வெச்சிருக்கிறவங்க இதைத் திருத்தித் திருத்திச் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க, டி-ஷர்ட்டும் வித்துக்கிட்டேதான் இருக்கு.