பழைய மின்மாற்றி எண்ணெய்: மலிவாகக் கைமாறும் நஞ்சு

வன்னியில் எங்கள் ஒழுங்கை முகப்பில், செல்லடியில் சரிந்த மின்மாற்றி ஒன்று நெடுநாள் கிடந்தது. செப்புக் கம்பியை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். மிஞ்சிய எண்ணெயை அயலவர்கள் போத்தல்களில் எடுத்து, கறையான் அரிக்காமல் இருக்கக் கூரை மரங்களுக்குப் பூசினார்கள். என் அப்பாவும் பூசினார். அதில் என்ன கலந்திருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை.

இப்போது நான் வசிப்பது கண்டியில். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் அதே போன்ற எண்ணெயை மறுபடி பார்த்தேன். உள்ளூரில் செய்த வெல்டிங் இயந்திரம் சூடேறாமல் இருக்க அதை ஊற்றுகிறார்கள். "பழசாயிட்டா பின்னாடி கொட்டிருவோம். கொஞ்சத்த அடுப்புப் பத்தவைக்க எடுப்போம் தங்கச்சி" என்றார் அங்கு வேலை செய்யும் மாத்தளை அண்ணன்.

பயப்பட வேண்டியது பிசிபி எனப்படும் பொலிகுளோரினேட்டட் பைபினைல்களுக்கு. குளோரின் சேர்ந்த 209 சேர்மங்களின் குடும்பம் இது. எளிதில் தீப்பற்றாது, மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் 1929 முதல் வர்த்தக ரீதியாக உற்பத்தியாகி, மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் நிரப்பப்பட்டது. இலங்கையில் இது தயாரிக்கப்படவில்லை. இறக்குமதியான கருவிகளோடு வந்து சேர்ந்தது. 1980களுக்கு முந்திய கருவிகளில் சந்தேகம் அதிகம். ஒரே பம்பியால் எண்ணெய் மாற்றும்போது புதிய மின்மாற்றிக்கும் தொற்றிவிடும். நிறத்தாலோ மணத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுகூடச் சோதனை தேவை.

இது எளிதில் சிதையாது. கொழுப்பில் தேங்கி, மீன் வழியாக மனிதருக்கும் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். 1968இல் ஜப்பானில் தவிட்டெண்ணெயில் பிசிபி கசிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 1979இல் தாய்வானிலும் அதுவே நடந்தது. 2013இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. அடுப்பில் எரித்தால் இன்னும் மோசம்: டயொக்சின், பியூரான் என்ற நச்சுகள் உருவாகும்.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் அதைக் கண்ணால் கண்டார்கள், வழக்காடினார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்துமாறு மின்நிலைய நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. பிசிபி அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. கட்டுகஸ்தோட்டை மண்ணில் கொட்டுவதை மழை மகாவலிக்குக் கொண்டுபோகும். பொல்கொல்லையில் அந்த ஆற்றின் ஒரு பகுதி உலர் வலயத்துக்குத் திருப்பப்படுகிறது. மிகுதி திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. கண்டியின் அலட்சியம் கிழக்கின் மீனவருக்கும் உரியதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. இலங்கை 2005 டிசம்பரில் ஸ்டொக்ஹோம் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. 50 பிபிஎம்முக்கு மேல் பிசிபி உள்ள கருவிகளை 2025க்குள் பாவனையிலிருந்து அகற்றியிருக்க வேண்டும். கழிவை 2028க்குள் பாதுகாப்பாக முடித்துவைக்க வேண்டும். உள்நாட்டில், 2008ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி அபாயக் கழிவைச் சேகரிக்கவும் ஏற்றிச் செல்லவும் அகற்றவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

வழியும் இருக்கிறது. இலங்கையின் சீமெந்துச் சூளை ஒன்றில் பிசிபி எண்ணெயைப் பரீட்சார்த்தமாக எரித்தபோது 99.9999 வீதத்துக்கும் மேல் அழிந்தது. அந்த முடிவு 2010இல் ஆய்விதழில் வெளியானது. சூளையின் கடும் வெப்பத்தில் முடிவது வீட்டு அடுப்பில் முடியாது.

ஆகவே, எங்கிருந்து வந்தது என்று தெரியாத மின்மாற்றி எண்ணெயை வாங்காதீர்கள். மரத்தில் பூசாதீர்கள், எரிக்காதீர்கள், மண்ணில் ஊற்றாதீர்கள். கையில் இருப்பதை இறுக மூடி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வெறுங்கையால் தொட்டவர்கள் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இதையெல்லாம் சொன்னபோது மாத்தளை அண்ணன் பொறுமையாகக் கேட்டார். பிறகு மூலையில் இருந்த கறுத்த கேனைக் காட்டி, "சரி தங்கச்சி, இத நான் யார்கிட்டக் குடுக்கிறது?" என்றார்.

சமவாயத்தில் கையெழுத்திட்டவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. சிறிய பட்டறைகளின் வாசலுக்கே வந்து ஐந்து லீற்றர், பத்து லீற்றராகச் சேகரிக்க ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால், 2028 என்பது கடதாசியில் உள்ள ஒரு திகதி மட்டுமே.