சங்கு தந்த 14 புள்ளிகள்

மழை நாட்களில் விடுதியில் ஸ்கிராபிள் ஆடுவோம். ஒருநாள் சி, எச், ஏ, என், கே என ஐந்து எழுத்துக் கட்டைகளை வரிசையாக வைத்தான், சங்கு குளிக்கும் குடும்பத்திலிருந்து வந்த நண்பன். "இப்படி ஒரு சொல்லே கிடையாதுடா" என்று சண்டைக்குப் போனேன். நூலகத்துச் சேம்பர்ஸ் அகராதியைப் புரட்டினோம். 'சாங்க்' இருந்தது! நம்ம சங்கேதான். அவனுக்கு 14 புள்ளிகள். ஆங்கிலத்தில் நான்தான் கெட்டி என்ற நினைப்பு அன்றோடு போச்சு.

நம் கரைச் சங்கு ஆங்கில அகராதிக்குள் எப்படிப் போனது? எல்லாம் வியாபாரம்தான். மன்னார் வளைகுடாச் சங்குகள் வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்குப் போயின. 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரருக்கும், 1825-ல் நிலையாக வந்த ஆங்கிலேயருக்கும் முத்தைப் போலவே சங்கும் வருமானம். கணக்கில் ஏறிய சொல் அகராதியிலும் ஏறிவிட்டது. 1914-ல் ஜேம்ஸ் ஹோர்னெல் இந்தியச் சங்கைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி 1886-ல் வந்தது. அதில் சங்கோடு நம் தோணி 'டோனி' ஆகவும், தண்டல் 'டிண்டல்' ஆகவும் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டுமரமோ 1697-லேயே டாம்பியரின் பயணநூலில் ஏறிவிட்டது. பிறகு அது பட்ட பாடு! 1804-ல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் அனுப்பிய வெடிகலத்துக்கும் அதே பெயர். சண்டைக்காரப் பெண்ணையும் அப்படி அழைத்தார்கள். இன்று இரட்டை உடல் படகுக்கு அந்தப் பெயர்.

ஆங்கிலத்தில் 'டோனி', 'டிண்டல்' எல்லாம் இன்று சொல் விளையாட்டுக்காரர்கள் தேடிப் பிடிக்கும் பழஞ்சொற்கள். நம் ஊர்த் தோணியில் மட்டும் இன்னும் தண்டல் வைத்ததுதான் சட்டம்.

ஆனால் நம்மிடமும் சொற்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. நண்பனின் தாத்தா அதில் குளித்தவர். கயிறு, கல், காற்று, பார் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருந்தார். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது அவர் இல்லை.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளே, இனி எந்த பர்னெலும் நமக்காக எழுத வரப்போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாகக் கடற்கரைக்குப் போய், பெரியவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த மலரில் அந்தச் சொற்களை அச்சில் பார்க்க ஆசை.