தீவகத்து விளக்கும் கரையும் உலோகமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகள் எல்லாவற்றிற்கும் ஒரே வாய்ப்புக் கிட்டியதில்லை. ஊர்காவற்றுறையையும் வேலணையையும் தாங்கிய தீவும் புங்குடுதீவும் தாம்போதிகளால் நிலத்தோடு இணைந்தன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்பவற்றிற்கோ கடலே வழியாயிற்று. ஆங்கு விளக்கெரிய டீசல் இயந்திரம் ஓடவேண்டும். இயந்திரம் ஓட எண்ணெய் படகேறி வரவேண்டும். சோளகக் காற்றிற் கடல் கொந்தளிக்கும் நாளில் அதுவும் எளிதன்று.

காற்றும் வெயிலும் இத்தீவுகளிற் குறைவற உள்ளன. எனினும், பகலிற் பெற்ற மின்னை இரவுக்குச் சேமித்தல் எங்ஙனம்? அதற்கு விடையாக வந்ததே மின்கலத் தொகுதி. எழுவைதீவில் காற்றாலை, சூரியத் தகடு, டீசல் இயந்திரம் ஆகியவற்றோடு இலித்தியம் அயன் மின்கலமும் இணைக்கப்பட்டது. ஏனைய மூன்று தீவுகளுக்குமாக 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்திய நன்கொடையுடன் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1,700 கிலோவாற்றுச் சூரிய வலு, 530 கிலோவாற்றுக் காற்று வலு, 2,400 கிலோவாற்று மணி கொள்ளும் மின்கலம், துணைக்கு 2,500 கிலோவாற்று டீசல் வலு என்பன அதன் அளவுகள்.

இலித்தியம் அயன் மின்கலத்தின் வரலாறு நீண்டதன்று. 1980 ஆம் ஆண்டில் ஒட்சுபோட்டிலே குடினபும் அவர்தம் துணைவரும் இலித்தியம் கோபாற்று ஒட்சைட்டை நேர்முனைப் பொருளாகக் கண்டனர். 1991 இல் யப்பானின் சோனி நிறுவனம் இக்கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. கோபாற்று அரிது, விலையும் மிகுதி. ஆதலின் மலிந்து கிடைக்கும் மங்கனீசின் பக்கம் ஆய்வாளர் கண் சென்றது. 1983 இல் தாக்கரேயும் குடினபும் அவர்தம் துணைவரும் மங்கனீசு ஒட்சைட்டினுள் இலித்தியம் புகுந்து மீளும் என்று காட்டினர்.

ஆனால் மலிவுக்கு ஒரு விலை இருந்தது. அமிலத்திற் பட்டால் அப்பொருளின் மங்கனீசு கரையும் என்பதை 1981 இலேயே அண்டர் என்பார் கண்டிருந்தார். மூன்று மின்னேற்றமுடைய மங்கனீசு அயன்கள் இரண்டு சேர்ந்து, ஒன்று நான்காக உயர்ந்து திண்மத்தில் நிற்கிறது. மற்றது இரண்டாகத் தாழ்ந்து கரைந்து விடுகிறது. மின்கலத்தினுள் அமிலம் எங்கிருந்து வந்தது? கலத்தை நிரப்பும் திரவத்தில் புளோரீன் கொண்ட இலித்தியம் உப்பு உண்டு. தயாரிப்பின்போது தப்பி உட்புகுந்த ஈரத்தின் சிறு துளியும் அவ்வுப்பைச் சிதைத்து ஐதரோபுளோரிக்கமிலத்தைப் பிறப்பிக்கும். அவ்வமிலம் ஒட்சைட்டை அரிக்குங்கால் மீண்டும் நீர் தோன்றும். அந்நீர் மீண்டும் அமிலம் தரும். வெப்பம் ஏறினால் இச்சுழல் விரையும்.

கரைந்த மங்கனீசு கரைந்த இடத்தில் நிற்பதில்லை. அது மறுமுனையிலுள்ள காரீயத்தை அடைந்து, அதன் மேற்பரப்பைக் காக்கும் மெல்லிய படலத்தைக் குலைக்கிறது. படலத்தைப் புதுப்பிக்க இலித்தியம் செலவாகிறது. நேர்முனை இழந்தது சிறிதாயினும் கலம் இழந்த கொள்ளளவு பெரிது. தீவக மக்களுக்கு இது புதிரன்று. கிணற்றிற் சிறிது உவர் புகுந்தால் கிணறு முழுதும் கெடுவதை அவர்கள் அறிவர்.

பரிகாரங்களும் பிறந்தன. மங்கனீசின் ஒரு பகுதியை அலுமினியத்தால் மாற்றினர். நேர்முனைத் துணிக்கைகளுக்கு அலுமினா மெல்லுறை இட்டனர். அமிலத்தைப் பிடிக்கும் சேர்பொருள்களைத் திரவத்திற் கலந்தனர். 1997 இல் வெளிப்பட்ட இலித்தியம் இரும்புப் பொசுபேற்று இப்பிணிக்கு மிகுதியும் தப்பியது. மின்னைத் தேக்கும் பெருந்தொகுதிகளில் இன்று அது பெரிதும் பயன்படுகிறது. அதிலும், ஈரமும் சூடும் கூடினால் இரும்பு சிறிது கரையவே செய்யும்.

ஆகவே தீவுகளில் வைக்கும் மின்கலத்திற்கு விலை ஒன்றே அளவுகோலாகாது. எப்பொருளால் ஆயது, எத்துணை வெப்பத்தில் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பனவும் கேட்டறிதற்குரியன. கலங்களைக் குளிர்ந்த அறையில் வைத்தலும், முற்றாக மின்னேறிய நிலையில் நெடுநாள் விடாமையும் அவற்றின் ஆயுளை நீட்டும். பெருநிலத்தில் ஒரு மின்கலம் சோர்ந்தால் மின்கம்பி கைகொடுக்கும். நெடுந்தீவிற் சோர்ந்தாலோ, மக்கள் மீண்டும் எண்ணெய்ப் படகை எதிர்பார்த்துத் துறையில் நிற்கவேண்டியதே.